கடைசிப் பெஞ்சிலிருந்து வந்த தகவல்

ஏற்காட்டிலிருந்து இறங்கிவந்து சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்தவன் நான். அந்நாளில் வீட்டுக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு, 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வரும் பேருந்தின் நடத்துநர்தாம். காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த அப்பா எழுதிய சீட்டையும் ஒரு பை கமலா ஆரஞ்சையும் சனிக்கிழமைதோறும் பழைய பேருந்து நிலையத்தில் என்னிடம் ஒப்படைப்பார். உறவோ பழக்கமோ இல்லாத அந்த மனிதர் ஒரு வாரம்கூட மறந்ததில்லை.

அந்தப் பழங்களில் சில, கடைசிப் பெஞ்சில் இருந்த அம்மாப்பேட்டை மாணவர் ஒருவருக்கும் போகும். விடியற்காலையில் வீட்டுத் தறியில் வேலை செய்துவிட்டு வகுப்புக்கு வரும் அவரோடு நான் அதிகம் பேசியதில்லை. 1984இல் பள்ளியை முடித்தபின் கால் நூற்றாண்டாக அவரை நினைத்ததுமில்லை; அதை எண்ணி இன்றும் வருந்துகிறேன்.

2009இல் லண்டனில் வேலையை இழந்தேன். நெருங்கிய நண்பர்கள் உள்ளன்போடு அலைந்தார்கள், ஆனால் அவர்களுக்குத் தெரிந்த காலியிடங்கள் எனக்கும் ஏற்கெனவே தெரிந்தவையாகவே இருந்தன. அப்போது, ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளத்தில் பள்ளியின் பெயரைத் தேடி என்னைக் கண்டுபிடித்த அந்த அம்மாப்பேட்டைக்காரர், தம் மைத்துனர் பணியாற்றும் நிறுவனத்தில் ஆள் தேடுவதாக எழுதினார். மூன்று வாரத்தில் அங்கே சேர்ந்தேன்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இலேயே இதை ஆராய்ந்து எழுதியிருப்பதைப் பிற்பாடு படித்தேன். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, அடிக்கடி சந்திப்பவரால் பெற்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தாம். மற்றவர்களுக்கு வழிகாட்டியவர், எப்போதாவது சந்திப்பவரோ அரிதாகவே காணும் ஒருவரோதான். தூரத்து அறிமுகம் நாம் நடமாடாத இடங்களின் செய்தியைக் கொண்டுவருகிறது என்பது அவர் கண்ட காரணம்.

ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. அதற்கு முன்பே அதில் இருந்த நம் பள்ளித் தோழர்கள் எல்லாருடைய தொலைபேசி எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். நம் வாட்ஸ்அப் குழு அந்த நோட்டிலிருந்துதான் பிறந்தது. குழுவில் பேசுபவர் சிலரே என்பதால், பேசாதவர்களில் மாதம் மூவரைத் தனியாக அழைத்துப் பேசி வருகிறேன். வெளிநாட்டில் இருக்கும் நாம் ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த மே மாதம் ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் திருவிழாவில் அந்த அம்மாப்பேட்டைக்காரரை நேரில் சந்தித்தேன். வேலையைப் பற்றி நான் நன்றி சொல்லத் தொடங்குவதற்குள் அவர் கேட்டார்: "உங்க தோட்டத்து ஆரஞ்சு மரம் இன்னும் இருக்குதாப்பா?"