காஞ்சனபுரி: ரயிலுக்கு 100 பாத், டுக்டுக்குக்கு 150!

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். தாய்லாந்தின் காஞ்சனபுரி ஸ்டேஷன் வாசலில், போர்க் கல்லறைத் தோட்டம் ரொம்ப தூரம் என்று சைகை காட்டி ஒரு டுக்டுக்காரர் (நம்மூர் ஆட்டோ மாதிரிதான்) 150 பாத் கேட்டார். மண்டையைப் பிளக்கும் வெயில், பேரம் பேசத் தெம்பில்லை. கடைத்தெரு, ஆற்றங்கரை என்று ஊரைச் சுற்றி இறக்கிவிட்டார். திரும்பிப் பார்த்தால், புறப்பட்ட ஸ்டேஷன் கூப்பிடு தூரத்தில்! பாங்காக்கின் தோன்புரி ஸ்டேஷனிலிருந்து பாதை முடியும் ‘நாம் தோக்’ ஸ்டேஷன் வரை ஐந்து மணி நேர ரயிலுக்கே 100 பாத்துதான்.

அந்த ரயிலைச் சொல்லவேண்டும். ஏசி கிடையாது, பலகை மாதிரி சீட், ஜன்னலெல்லாம் திறந்தபடி. பெட்டிக்குள் விற்றுவந்த துளசி மணக்கும் கோழிச் சோறும் பொரித்த முட்டையும் அமிர்தம். தாம் க்ராசே என்ற இடம் வந்ததும் வண்டி ஊர்ந்தது. ஒரு பக்கம் கையை நீட்டினால் உரசும் பாறை, மறுபக்கம் கீழே ஆறு, நடுவில் மரத்தூண்கள் மேல் தண்டவாளம். சுற்றிலும் எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். நானும்தான்.

இதுதான் நம்மவர்கள் சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) மரண ரயில் என்று சொல்லும் பாதை. இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அங்குள்ள படைக்குக் கடல்வழியே சரக்கு அனுப்பினால் நேசநாட்டு நீர்மூழ்கிகள் விடவில்லை. அதனால் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குக் காட்டை வெட்டி 415 கி.மீ. பாதை போட்டார்கள், 1943 அக்டோபரில் முடித்தும்விட்டார்கள். போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ அதைப்போலப் பல மடங்கு. அவர்களில் ஏராளமானோர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். கூலி, சாப்பாடு என்று ஆசை காட்டிக் கூட்டிவந்தது கொஞ்சம் பேரை. வழியில் மடக்கி லாரியில் ஏற்றியது கொஞ்சம் பேரை. காலராவும் பசியும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

கல்லறைத் தோட்டத்தில் போர்க் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர். புல்லை மீசை மாதிரி கத்தரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது. 22, 24, 31... கொஞ்ச நேரத்தில் வயதை மட்டுமே படித்துக்கொண்டு நடந்தேன். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் பெயர்கள். ஒரு முனியாண்டியாவது, ஒரு ராமாயியாவது கண்ணில் படவேண்டுமே! ம்ஹூம்.

பக்கத்திலேயே வாட் தாவோர்ன் என்றொரு புத்தர் கோயில். தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்த இடம் அங்கேதான். மலேசியத் தமிழர்கள் அண்மையில் அங்கே ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள். கைடு யாரும் இந்தப் பக்கம் கூட்டிவருவதாகத் தெரியவில்லை; நான் இருந்தவரை ஒரு நாயும் நானும்தான். ஊதுபத்தி வாங்கி வந்திருக்கலாம், தோன்றவில்லை. பையில் இருந்த வாழைப்பழத்தை வைத்தேன்.

டுக்டுக் மறுபடி ஹாரன் அடித்துக் கூப்பிட்டது. நடந்தே ஸ்டேஷன் போய்விட்டேன்.