596 பைட் சாவி

மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட்டில் ஒரு டிஎல்எல்லுக்கு (மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோட் கோப்பு) ஸ்ட்ராங் நேம், அதாவது சாவியால் கையொப்பமிட்ட பெயர், கொடுப்பது சின்ன வேலை. எஸ்என் கட்டளையை ஓட்டினால் எஸ்என்கே என்ற சாவிக் கோப்பு ஒன்று வரும். 1024 பிட் ஆர்எஸ்ஏ சாவி என்றால் 596 பைட். கையொப்பமிடும் பிரைவேட் கீ, அதைச் சரிபார்க்கும் பப்ளிக் கீ இரண்டும் அதற்குள்ளேயே. விஷுவல் ஸ்டுடியோவில் ஒரு டிக் அடித்து அந்தக் கோப்பைக் காட்டிவிட்டால் முடிந்தது. டீமில் புதிதாகச் சேரும் பையன்களிடம் இது எதற்கு என்று கேட்டால், "செக்யூரிட்டிக்கு சார்" என்பார்கள்.

அதற்கில்லை. இதில் சாவி யாருடையது என்று சொல்லும் சர்ட்டிஃபிகேட் கிடையாது, சாவி திருடுபோனால் ரத்து செய்யவும் வழி கிடையாது. பாதுகாப்புக்கு இதை நம்பாதீர்கள் என்று மைக்ரோசாஃப்ட்டே எழுதி வைத்திருக்கிறது. டாட்நெட் 3.5 எஸ்பி1 வந்த பிறகு, முழு அனுமதியோடு ஓடும் அப்ளிகேஷன்களில் இந்தக் கையொப்பத்தைச் சரிபார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் வந்த டாட்நெட் கோர் சுத்தமாகக் கண்டுகொள்வதில்லை.

இது வெறும் அடையாளம்தான். பெயர், வெர்ஷன், கல்ச்சர் (எந்த மொழிக்கானது), பப்ளிக் கீ டோக்கன் நான்கும் சேர்ந்ததுதான் ஒரு டிஎல்எல்லின் முழுப்பெயர். டோக்கன் என்பது பப்ளிக் கீயின் ஷா-1 ஹாஷில் (அதிலிருந்து கணக்கிடும் சுருக்கம்) கடைசி 8 பைட். ஆகவே சாவி மாறினால், உள்ளே ஒரு வரிகூட மாறாவிட்டாலும் அது வேறு டிஎல்எல்.

இதை எனக்குப் புரியவைத்தது லாக்4நெட் என்ற லாக் எழுதும் லைப்ரரி. 1.2.10 வரை ஒரு சாவி. 2011-இல் வந்த 1.2.11-இல் இன்னொரு சாவியும் வந்தது. பழையது பொதுவில் கிடைக்காத சாவி, புதியதை சோர்ஸோடு யாரும் எடுத்துக்கொள்ளலாம். நோக்கம் நல்லதுதான். ஆனால் நாங்கள் வாங்கிப் போட்டிருந்த ஒரு ரிப்போர்ட் மென்பொருள் பழைய டோக்கனைக் கேட்டது, எங்கள் கோட் புதியதைக் கேட்டது. அப்ளிகேஷன் ஓடும் 'பின்' (bin) ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு வைக்க முடியாது. பைண்டிங் ரீடைரக்ட் (ஒரு வெர்ஷனைக் கேட்டால் வேறொன்றைக் கொடு என்னும் கான்ஃபிக் வரி) போடு என்றார்கள். போட்டோம், அது வெர்ஷனைத்தான் திருப்பும், டோக்கனைத் தொடாது. டிஎல்எல்லுக்குள் இருக்கும் பெயர் விவரம் (மேனிஃபெஸ்ட்) பொருந்தவில்லை என்று அதே எரர். கடைசியில் பழைய டிஎல்எல்லைத் தனி ஃபோல்டரில் போட்டு, கான்ஃபிகில் பழைய டோக்கனுக்கு, கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் கோட்பேஸ் வரி ஒன்று எழுதினோம். இரண்டு லாக்4நெட்டும் ஒரே ப்ராசஸில் ஓடின. பார்க்க அசிங்கம்தான், ஆனால் ஓடியது.

இன்னொரு தொல்லை, இது அம்மை மாதிரி பரவும். ஸ்ட்ராங் நேம் உள்ள டிஎல்எல், தான் கூப்பிடும் எல்லாவற்றுக்கும் ஸ்ட்ராங் நேம் கேட்கும். டிலே சைனிங் என்று ஒன்று உண்டு: டெவலப்பர் கையில் பப்ளிக் கீ மட்டும், உண்மையான கையொப்பம் பில்டு சர்வரில். கையொப்பம் இல்லாத டிஎல்எல் ஓட வேண்டுமே என்று ஒவ்வொரு டெவலப்பர் மெஷினிலும் சரிபார்ப்பை நிறுத்தி வைப்போம். அப்புறம் திரும்பப் போட்டவர் யாரும் இல்லை.

இப்போது எங்கள் எஸ்என்கே கோப்பு, கோட் சேமித்து வைக்கும் கிட்டில் (Git) எல்லோரும் பார்க்கும்படி கிடக்கிறது. ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகளுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் வழியும் அதுதான். யார் வெளியிட்டது என்று சர்ட்டிஃபிகேட்டோடு காட்டும் ஆதென்டிகோட் கையொப்பத்தின் சாவி விஷயம் வேறு. 2023 ஜூனுக்குப் பின் தரும் சர்ட்டிஃபிகேட்டுகளுக்கு அதை ஹார்டுவேரில்தான் வைத்தாக வேண்டும். ஆடிட்டுக்கு வருபவர்கள் அதைக் கேட்பதில்லை. "பிரைவேட் கீ ஏன் கிட்டில் இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உட்கார வைத்துச் சொல்ல அரைமணி நேரம் ஆகும்.