பிஸ்கட் கலர் வீடும் ஐப்பசி மழையும்

எங்கள் காரைக்குடி வீட்டுக்குப் பிஸ்கட் கலர்தான் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். வெயிலில் கண் கூசாது. வெள்ளை மாதிரி சீக்கிரம் அழுக்குத் தெரியாது. ஆனால் அடித்து முடித்ததும் வீடு கோலம் போடாத வாசல் மாதிரி வெறிச்சென்று இருந்தது. எனக்கு மனசே ஆறவில்லை.

வழி சொன்னது ஐப்பசி மழை. செம்மண் தெறித்து, சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்குக் கறை. "கறை விழுற இடத்துலயே காவி அடிச்சிருவோம் தங்கச்சி" என்றார் பெயின்டர் அண்ணன். ஈரம் காயப் பத்து நாள் விட்டு, பிரைமர் போட்டு, இரண்டு கோட் அடித்தோம். வீடு தரையில் நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது!

ஜன்னல் கம்பிக்குக் கறுப்பு வேண்டாம், அடர் பழுப்பு போதும். தேக்குக் கதவுக்குப் பெயின்டே கூடாது, பாலிஷ்தான். கூரை உள்ள திண்ணையில் மட்டும் ஆத்தங்குடிக் கல், அதாவது பூப்போட்ட தரை ஓடு, பதித்தோம். கண்ணாடி மேல் வார்த்து எடுக்கும் அந்த ஓட்டின் பச்சைப் பூக்கள் பிஸ்கட் கலருக்குப் பக்கத்தில் எவ்வளவு பளிச்! வாசல் விளக்கு 3000 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல் வெளிச்சம்; 6500 என்ற வெள்ளை வெளிச்சம் போட்டுப் பார்த்தபோது சுவர் சாம்பல் பூத்துத் தெரிந்தது.

கேட்டோரம் அம்மா குழி தோண்டி வைத்திருக்கிறார். ரோஸ் நிறக் காகிதப்பூ வரப்போகிறது.