சந்தையில் படித்த பெயரெச்சம்

எட்டாம் வகுப்பில் தமிழ் சேர் கரும்பலகையில் 'நல்ல' என்று எழுதிவிட்டு, "பொடியன், பெட்டை, மாடு, வீடு, எதைப் பின்னாலே போட்டாலும் இது அசையாது" என்றார். கடைசி வாங்கில் இருந்த எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. 'நல்ல' அசையாமல் வேறென்ன செய்யும்?

அதற்கு விடை கிடைக்க நான் கிழக்கு ஆபிரிக்காவின் புருண்டி வரைக்கும் போக வேண்டியிருந்தது. தங்கனீக்கா ஏரிக்கரையில் உள்ள புஜும்புராவில் 2 வருடம் வேலை. அலுவலகத்தில் பிரெஞ்சு போதும். சந்தைக்கு அந்த ஊர் மொழியான கிருண்டி வேண்டும். 'நல்ல' என்பதற்கு என்ன சொல் என்று சாரதியைக் கேட்டேன். "உம்வானா ம்விஸா", நல்ல பிள்ளை, என்றார். நான் பின்பாதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன்.

மாம்பழக் குவியலைக் காட்டி "ம்விஸா" என்றேன். "ம்யிஸா" என்று திருத்தினார் கடைக்கார அம்மா. சரியென்று போஞ்சி விதையைக் காட்டி "ம்யிஸா" என்றேன். அது "வ்யிஸா"வாம். முட்டைக்கு "மேஸா". நான்கு பேர் கூடிவிட்டார்கள். ஒற்றை மாம்பழத்தைத் தூக்கிக் காட்டியிருந்தால் என் முதல் 'ம்விஸா' சரியாகியிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கிருண்டியில் பெயர்ச்சொற்கள் 16 வகுப்புகளாகப் பிரிந்து நிற்கின்றன. ஒருமைக்கு ஒரு வகுப்பு, பன்மைக்கு வேறொன்று. வகுப்புக்கு ஒரு முன்னொட்டு. பண்புச்சொல் பெயருக்குப் பின்னால்தான் வரும். வரும்போது அந்தப் பெயரின் முன்னொட்டைத் தானும் போட்டுக்கொள்ளும், தலையிலுள்ள உயிரெழுத்தை மட்டும் கழற்றிவிடும். 'நல்ல'வுக்கு அடிச்சொல் 'இஸா'. பிள்ளைகள் பலரென்றால் 'அபானா பேஸா'. சின்னஞ்சிறுசு என்றால் 'அகானா கேஸா'. பெயர் தொப்பியோடு வர, பண்புச்சொல் தொப்பியில்லாமல் அதே சீருடையில் பின்னால் வருகிற மாதிரி.

என்னை உண்மையில் கவிழ்த்தது 'கி'. கேட்டதையெல்லாம் தமிழ் எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். பெரிய வாழைக்குலை, 'இகிதோகே கினினி'. சிறிய உருளைக்கிழங்கு, 'இகிராயா கிதோயி'. இரண்டு பெயருக்கும் ஒரே வகுப்பு. கொப்பியைப் பார்த்து வாசித்தால் அந்த அம்மா முகம் சுளிப்பார். கினினியில் வருவது 'கிளி'யின் கி. கிதோயியில் வருவதோ 'கீதை'யின் ஒலி. பின்னால் த, க, ச மாதிரி வன்மையான ஒலி வந்தால் முன்னொட்டின் 'கி' இப்படி இளகிவிடும். வாழைக்குலையின் பெயரில் இளகுவது, அதன் பண்புச்சொல்லில் இளகவில்லை, கிழங்கில் நேர்மாறு. அந்தந்தச் சொல் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறது. நம் எழுத்தில் எல்லாமே 'கி'! தமிழெழுத்தை நான் குறை சொன்ன ஒரே சமயம் அது.

நிறங்களில்தான் சேர் மறுபடி வந்தார். கிருண்டியில் அசல் பண்புச்சொற்கள் கொஞ்சம்தான்: நல்ல, கெட்ட, பெரிய, சிறிய, புதிய என்று சில. சிவப்பு, கறுப்பு, வெள்ளைக்கெல்லாம் வினைச்சொல்தான். 'குதுகுரா' என்றால் சிவத்தல். 'இம்புஸு இதுகுரா', சிவந்த உடுப்பு. இது வேறென்ன, பெயரெச்சமேதான்! "சிவந்த என்பது சிவ என்ற வினையடா" என்று சேர் மேசையில் பிரம்பால் தட்டிச் சொன்னது சந்தை நடுவில் காதில் கேட்டது. சாரதிக்கு இதை விளக்கப் பார்த்தேன். அவர் பணிவாகத் தலையாட்டிவிட்டு, வாகனத்தை எங்கே நிறுத்துவது என்று கேட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த அம்மா எனக்குச் சோதனை வைப்பார். ஏதாவது ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் புருவத்தை உயர்த்துவார். ஊர் திரும்பும் முன் போன கடைசிச் சனிக்கிழமை, பக்கத்துக் கடைக் கோழி ஒன்றைக் காலில் பிடித்துத் தூக்கினார். "இன்கோகோ ன்ஸிஸா" என்றேன். கைதட்டினார். பிறகு மாம்பழத்துக்கு வழக்கமான விலையையே சொன்னார். ஒரு பிராங்க் குறைக்கவில்லை.