உயிரியல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு

மறுபடியும் ஏ.எல். (உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் பாடங்களோடு உயர்தரப் பரீட்சை) எடுக்கப்போகிறேன் என்று சொன்னதிலிருந்து யாரைக் கண்டாலும் ஒரே புத்திமதிதான். "பயோவில தொடங்கு பிள்ளை. பாடமாக்கினால் புள்ளி வரும், மனதுக்கும் தெம்பாயிருக்கும்." நான் கேட்கவில்லை. தேசிய கல்வி நிறுவகத்தின் உயிரியல் வளநூல்களை மேசையின் கீழ்த்தட்டில் அடுக்கிவிட்டு, தங்கச்சி படித்து முடித்த தரம் 10, 11 கணிதப் புத்தகங்களை எடுத்தேன். சுட்டி, மடக்கை, விகிதம், நேர்கோட்டு வரைபு. ஓ.எல். (சாதாரணதரப் பரீட்சை) பிள்ளை மாதிரி வரிசையாகப் பயிற்சி செய்தேன். அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனா. ஏன் இப்படி என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் முதல் எழுதியது 2019 ஓகஸ்ட். புதிய பாடத்திட்டத்துக்கு நடந்த முதல் பரீட்சை அது. வந்த இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) மருத்துவபீடத்துக்குப் போதாது. ஆனால் ஆசையை விடச் சொல்லும் அளவுக்கு மோசமும் இல்லை. அப்பாவுக்குச் சுகமில்லாமல் வந்ததோடு யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் ஒரு பாமசியில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்புறம் கொரோனா, அப்புறம் 2022 இன் பெற்றோல் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும். படிப்பு பின்னுக்குப் போய்விட்டது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் கணக்கில் எடுப்பார்கள். எனக்கு இன்னும் இரண்டு மிச்சம்.

இத்தனை வருடம் விட்டுவிட்டு வந்தால் உயிரியல்தான் முழுக்க மறந்திருக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. இதயத்தின் அறைகளும் வால்வுகளும் அப்படியே இருந்தன. சிறுநீரகத்தி (நெப்ரோன்) பாதி இருந்தது, ஒரு வாசிப்பில் மீதியும் வந்துவிட்டது. போயிருந்தது கைக்கணக்கு. இந்தப் பரீட்சையில் கல்குலேட்டர் கொண்டுபோக முடியாது. ஒவ்வொரு பாடத்திலும் முதலாம் பகுதியில் ஐம்பது பல்தேர்வு வினா, இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. கடையில் பில் போடுவதற்கும் போனைத் தட்டிப் பழகிய விரலுக்கு, பத்தின் மறைச்சுட்டிகளை (10⁻⁵ மாதிரி) பெருக்கிப் பிரிப்பது பெரிய பாடு.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். அசற்றிக்கமிலம், லீட்டருக்கு 0.1 மூல். கூட்டப்பிரிகை மாறிலி (அமிலம் எவ்வளவு பிரியும் என்று காட்டும் எண்) 1.8 × 10⁻⁵. பி.எச். என்ன? வழி எனக்கு மறக்கவில்லை. இரண்டையும் பெருக்கினால் 1.8 × 10⁻⁶. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.34 × 10⁻³. அதுதான் ஐதரசன் அயன் செறிவு. சரி, 1.34 இன் மடக்கை? அந்த இடத்தில் எத்தனை பேர் பேனையை வைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் 1.34 என்பது கிட்டத்தட்ட மூன்றில் நான்கு (4/3). 2 இன் மடக்கை 0.301, ஆகவே 4 இனது 0.602. 3 இனது 0.477. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 0.125. அதை 10⁻³ இன் மூன்றிலிருந்து கழித்தால் 2.875. சரியான விடை 2.87. பல்தேர்வுக்கு இது தாராளம். 2, 3, 7 மூன்றின் மடக்கையும் மனதில் இருந்தால் (7 இனது 0.845) ஒன்றிலிருந்து பத்து வரை எல்லாம் வந்துவிடும், 5 என்பது பத்தை இரண்டால் வகுத்ததுதானே. இதைக் கணிதப் புத்தகத்தோடு உட்கார்ந்து பழகினேன். இரசாயனவியல் புத்தகம் இதை ஏற்கனவே தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது.

பாமசி எனக்கு ஒரு விதத்தில் கைகொடுத்தது. பரசிற்றமோல் சிரப் 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று பார்த்தால் 12 கிலோப் பிள்ளைக்கு 180, அதாவது ஏழரை மில்லிலீட்டர். எங்கள் மருந்தாளர் அக்கா, தாய்மார் கைப்பையைத் திறக்கும் முன்னர் மருந்துத் துண்டைப் பார்த்து மனதிலேயே சரிபார்த்துவிடுவா. பக்கத்தில் நின்று நானும் கூடவே போட்டுப் பார்ப்பேன். இரசாயனவியலில் நியமிப்புக் கணக்கும் (ஒரு கரைசலோடு மற்றதைத் தாக்கவிட்டுச் செறிவு காண்பது) இதே சாமான்தான்: இவ்வளவு கனவளவில் இவ்வளவு பொருள். லீட்டருக்கு 0.1 மூல் கரைசல் 25 மில்லிலீட்டர் என்றால் 2.5 மில்லிமூல், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சூத்திர முக்கோணம் கீறி, ஒரு மூலையை விரலால் மறைத்துச் செய்த கணக்கு இது. முக்கோணத்தை நான் இப்போது கீறுவதே இல்லை.

பௌதிகவியலில் வேறு தலையிடி. செய்முறைப் பரீட்சை என்று தனியாக இல்லை, ஆனால் அமைப்புக் கட்டுரையில் (சிறு சிறு பகுதிகளாக விடை எழுதும் வினா) செய்முறையைத்தான் கேட்பார்கள். பாடசாலைப் பிள்ளைக்கு ஆய்வுகூடம் இருக்கிறது. என்னைப்போல் பாடசாலைக்கு வெளியே இருந்து தோற்றும் தனிப்பட்ட பரீட்சார்த்திக்கு என்ன இருக்கிறது? எனக்கு மாமா இருந்தார். கோண்டாவிலில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். கிறீஸ் பிசுக்கோடு ஒரு வேணியர் இடுக்கியைத் தந்து, ஒரு போல்பெயரிங்கையும் உருட்டிவிட்டு, "அளந்து சொல்லு பாப்பம்" என்றார். நான் படித்தது பத்துப் பிரிவு வேணியர். அவருடையதில் ஐம்பது பிரிவு, இழிவெண்ணிக்கை (அதால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.02 மில்லிமீற்றர். தாடைகளை மூடி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் பூச்சியமும் பூச்சியமும் பொருந்தவில்லை, ஒரு மயிரிழை விலகி நிற்கிறது. பூச்சிய வழுவைக் கூட்டுவதா கழிப்பதா என்று இனி எனக்குக் குழப்பம் வராது. அந்த விலகலைக் கண்ணால் கண்டுவிட்டேன். மாமா அதைப் பார்த்துவிட்டு "அது கனகாலமா அப்பிடித்தான்" என்றார். பட்டறைக்கு அந்த விளக்கம் போதும்.

ரியூசனுக்கு ஞாயிறு பேப்பர் கிளாஸ் (வினாத்தாள் செய்து பழகும் வகுப்பு) மட்டும் போகிறேன். எல்லாரும் பதினெட்டு வயது. முதல் கிழமை நான் ஆரோ பிள்ளையின் அக்கா என்று நினைத்துக் கதிரை தந்தார்கள், இப்போது என்னிடம் மருந்து விலை கேட்கிறார்கள். அங்கே படிப்பிக்கிற ஒரு சேர், நல்லவர்தான், "இனியும் மெடிசினே வேணுமோ, வேற நல்ல கோர்ஸ் இருக்கே" என்றார். வேறு கோர்ஸ் இருப்பது எனக்கும் தெரியும். பல்கலைக்கழக இடங்களை எப்படிப் பிரிப்பார்கள் என்பதும் தெரியும்: மொத்த இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணமும் அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கிறது. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் கிடைக்கும் சலுகை எங்களுக்கும் உண்டு. அது நியாயமா என்பது எனக்குச் சந்தேகம்தான், இங்கே நல்லூரைச் சுற்றியே எத்தனை ரியூட்டரி.

உயிரியலைக் கடைசியில்தான் கையில் எடுத்தேன். வாசிப்பது வேகமாகப் போகிறது. எழுதுவதுதான் பழக வேண்டும். கட்டுரையில் புள்ளி, விடயத்துக்கு விடயம் விழுகிறது; வடிவான வசனத்துக்கு ஒன்றும் இல்லை. அதனால் விடை எழுதிவிட்டுப் புள்ளியிடும் திட்டத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுகிறேன். நாலு வரியில் நான் சொன்னதை அவர்கள் ஒரு வரியில் முடித்திருப்பார்கள். கடந்தகால வினாத்தாள் எடுக்கிறவர்களுக்கு ஒரு விடயம்: உயிரியலில் 2019 இலிருந்து எடுங்கள், அதற்கு முந்தியவை பழைய பாடத்திட்டம், அப்படியே பொருந்தாது. பௌதிகவியலில் அதற்கு முந்தியவற்றையும் செய்யலாம், பயிற்சிக்கு நல்லது.

தனிப்பட்ட பரீட்சார்த்திகள் பரீட்சைத் திணைக்கள இணையத்தில் தாங்களே விண்ணப்பிக்க வேண்டும். அதிபர் பார்த்துக்கொள்வார் என்ற பழைய ஞாபகத்தில் இருந்துவிடாதீர்கள்.

இப்போது தேடிக்கொண்டிருப்பது தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் நடத்தும் மாதிரிப் பரீட்சைகளின் பௌதிகவியல் பேப்பர்கள், விடையோடு. மச்சாளிடம் இருந்தவற்றில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. யாரிடமாவது முழுதாக இருந்தால் போட்டோக் கொப்பி எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறேன். உயிரியல், இரசாயனவியல் பேப்பர்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம்.