காணுமா, காணாதா?

அப்பா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுக்காத பிள்ளைக்குப் புள்ளி குறைக்கிற ஆள். கல்லடி வீட்டு விறாந்தையில் அவரிடம், எம்.பி.ஏ. படிப்புக்கான நுழைவுச் சோதனையாகிய ஜீமேட்டின் புத்தகத்தை நீட்டிய அன்றுதான், நான் எடுக்கப்போகிற சோதனை எப்படிப்பட்டது என்று எனக்கே விளங்கியது.

கேள்வி இதுதான்: x, 5ஐ விடப் பெரிதா? கூற்று ஒன்று: x இன் வர்க்கம் 49. கூற்று இரண்டு: x ஒரு நேர் எண்.

அப்பா பென்சிலை எடுத்தார். "ஏழு, இல்லாட்டி மறை ஏழு. நேர் எண் எண்டபடியா ஏழு. பெரிசுதான்." இரண்டு கோடும் இழுத்துவிட்டார்.

"அது கேள்வியில்ல அப்பா. முதலாவது கூற்று மட்டும் காணுமா, ரெண்டாவது மட்டும் காணுமா, ரெண்டும் சேர்ந்தாக் காணுமா, சேர்ந்தும் காணாதா எண்டுதான் கேக்கிறாங்க."

"அப்ப விடை?"

"விடை தேவையில்ல."

"விடை வேணாத கணக்கும் கணக்கா மகள்?" என்று புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டுப் பத்திரிகையை எடுத்துக்கொண்டார்.

புலமைப்பரிசில் தொடங்கி ஏ.எல். வரைக்கும் எங்களுக்குச் சொல்லித்தந்தது 'விடை காண்க'. இங்கே கேட்பது 'விடை காண இவ்வளவும் காணுமா?'. இதற்கு டேட்டா சஃபிஷியன்சி என்று பெயர். அந்த ஒரு பழக்கத்தை மாற்றத்தான் எனக்கு ஐந்து மாதத்தில் பெரும்பகுதி போனது.

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிகத்தில் பட்டம் எடுத்து, நகரில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் நாலு வருசமாக வேலை. வெளிநாட்டில் எம்.பி.ஏ. செய்யும் ஆசை. இப்போதைய ஜீமேட் 2023 நவம்பரில் வந்த புதிய வடிவம். கணக்கில் 21 கேள்வி, மொழியில் 23, தரவுகளை வைத்துக் கேட்கிற டேட்டா இன்சைட்ஸ் என்ற பகுதியில் 20. ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். புள்ளி 205 இலிருந்து 805 வரை. கேத்திரகணிதம் இல்லை, கட்டுரை எழுதத் தேவையில்லை. பழைய புத்தகத்தை மலிவாக வாங்கினால் வராத பாடத்தை விழுந்து விழுந்து படிக்க நேரும்; நான் முதல் மாதம் செய்தது அதைத்தான்.

உத்தியோகபூர்வ தளத்தில் இரண்டு மாதிரிப் பரீட்சை இலவசம். முதலாவதைச் செய்தேன்: 485. கணக்கில் ஆறாவது கேள்வியோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டி, கடைசி நாலு கேள்வியைத் தொடவே இல்லை. செய்யாமல் விட்ட கேள்விக்கு, பிழையாகப் போட்டதைவிடத் தண்டனை கூட என்பது பிறகுதான் தெரிந்தது. கேள்விக்கு இரண்டு நிமிடம் சொச்சம்தான் கிடைக்கும். பகுதி முடிவில் நேரம் மிஞ்சினால் திரும்பிப் போய் மூன்று விடைகள் வரை மாற்றலாம். ஆனபடியால் சிக்கினால் ஒன்றைத் தட்டிவிட்டு, அடையாளம் போட்டுவிட்டு நடையைக் கட்ட வேண்டும். கேட்க லேசு. வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கு அது கள்ளவேலை மாதிரி இருந்தது. கைத்தொலைபேசியில் இரண்டு நிமிட அலாரம் வைத்து, அடித்தவுடன் பாதிக் கணக்கை வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போகப் பழகினேன். முதல் கிழமை கை கூசியது.

தமிழில் படித்தவர்களுக்கு ஒரு சங்கதி. கணக்கு தெரியும், கேள்வியின் ஆங்கிலம்தான் கவிழ்க்கும். ஒரு சீ.ஆர். கொப்பியில் நிறைவெண், முதன்மை எண், காரணி, மடங்கு, மீதி எல்லாவற்றுக்கும் நேரே ஆங்கிலச் சொல்லை எழுதினேன். 'குறைந்தது மூன்று', 'மூன்றுக்கு மேற்படாத' மாதிரியான தொடர்களுக்குத் தனிப் பக்கம். அந்தப் பக்கம்தான் அழுக்கேறிக் கிழிந்தது.

மொழிப் பகுதியில் வாதத்தின் ஓட்டையைப் பிடிக்கும் கேள்விகளுக்கு வாசலில் வருகிற மீன்காரர் உதவினார், அவருக்கே தெரியாமல். "கச்சான் காத்து அடிக்குது புள்ள, அதுதான் விலை." காற்று ஓய்ந்த கிழமையும் அதே விலை. அப்போ காரணம் காற்றா, எண்ணெய் விலையா, வேறேதுமா? அம்மாவுக்குத்தான் எரிச்சல்: "மீனை வாங்கிறியா, விசாரணை நடத்துறியா?"

வீட்டிலிருந்தே ஒன்லைனில் எழுதலாம். கதவைப் பூட்டிய அறை, வெறும் மேசை, ஆள் நடமாட்டம் கூடாது. அறை சரி, இணையமும் சரி. ஆனால் எனக்கு வாய்த்தது வைகாசி மாதம். அம்மன் கோயில் சடங்கு தொடங்கிவிட்டது, ஸ்பீக்கர் எங்கள் மதிலுக்கு நேரே. ஜீமேட்டுக்காகச் சத்தத்தைக் குறையுங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது? கொழும்பு நிலையத்துக்கே போட்டேன். கட்டணம் டொலரில் என்பதால் மச்சானின் கார்ட்டில் கட்டினோம்.

பெயரில் சறுக்கினேன். வழக்கம்போல அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுப் பதிந்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் குடும்பப்பெயர் இடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வாசலோடு திருப்பிவிடலாம். மின்னஞ்சல் எழுதித் திருத்த ஒரு கிழமை எடுத்தது. பாஸ்போர்ட்டை முன்னால் வைத்துக்கொண்டே பதியுங்கள்.

நிலையத்தில் எழுதத் தருவது தாள் அல்ல, பிளாஸ்ரிக் பூசிய ஏடும் மார்க்கரும். எனவே போட்டோக்கொப்பிக் கடையில் ஐந்து வெற்றுத் தாளை லமினேற் செய்தேன். "ஒண்டும் இல்லாத தாளை எதுக்கு அக்கா?" என்று அந்தத் தம்பி இரண்டுதரம் கேட்டான். தடித்த மார்க்கரால் எழுதினால் பக்கத்துக்கு மூன்று கணக்குத்தான் கொள்ளும் என்பதை வீட்டிலேயே அறிந்துகொண்டது நல்லதாய்ப் போனது.

ஒருநாள் முன்னதாகவே இரவு றெயிலில் போய், வெள்ளவத்தையில் சின்னம்மா வீட்டில் தங்கினேன். றெயிலில் படிக்கலாம் என்று கொப்பி கொண்டுபோனது வீண். வெலிக்கந்தை தாண்டும்போதே நித்திரை.

நிலையத்தில் உள்ளங்கையை ஸ்கேன் செய்தார்கள். மணிக்கூட்டைக்கூட லொக்கரில் வைக்கச் சொன்னார்கள். பகுதிகளின் ஒழுங்கை நாங்களே தெரிவுசெய்யலாம். நான் கணக்கை முதலில் எடுத்தேன். எட்டாவது கேள்வி மாட்டியது. இரண்டு நிமிடம் போனதும் ஒன்றைத் தட்டிவிட்டு நகர்ந்தேன். கடைசியில் திரும்பிவர நேரம் இருக்கவில்லை. கல்குலேற்றர் டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் மட்டும்தான் வரும். அதையும் மூன்று தரத்துக்கு மேல் நான் தொடவில்லை.

திரையில் 605 வந்தது. வெளியே வந்து அப்பாவுக்கு அழைத்தேன்.

"எத்தினையாம் பிள்ளை?"

அப்படி ஒன்றும் இல்லை, 805க்கு 605 என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. மனதுக்குள் வீதம் பார்க்கிறார் போல.

"சரி. நீ கேக்கிற இடத்துக்கு அது காணுமா?"

"அது மட்டும் காணாது அப்பா. விண்ணப்பக் கட்டுரை இருக்கு, வேலைத்தலக் கடிதம் ரெண்டு இருக்கு."

"அப்ப வந்து அதை எழுது," என்றார்.