தட்டையாக உறைந்த பயறு சூப்: ஐந்தாம் சுற்று

இன்று காலை ஃபிரீசரைத் திறந்து ஒரு பையைப் பிடித்து இழுத்தேன். பக்கத்துப் பையோடு ஒட்டிக்கொள்ளாமல், மூலை பிதுங்காமல், சிலேட்டுப் பலகை போலத் தனியாக வந்தது. சமைத்ததை வேளைக்கு ஒன்றாகப் பிரித்து ஃபிரீசரில் உறைய வைக்கும் முயற்சியில் நான்கு சுற்று தோற்ற பிறகு கிடைத்த சிலேட்டு இது. வேலை இன்னும் முடியவில்லை, சோற்றை உறைய வைப்பது அப்படியே பாக்கி இருக்கிறது. ஆனாலும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இந்த முறை சமைத்தது ஐந்து லிட்டர் பயறு சூப், இரண்டு லிட்டர் வெங்காயம் தக்காளி வதக்கி அரைத்த கிரேவி. சூப் அரை லிட்டர் வீதம் பத்துப் பை. கிரேவி கால் லிட்டர் வீதம் எட்டுப் பை. ஒரு பை ஒரு வேளைக்கு.

முதல் மூன்று சுற்றிலும் என்னைக் கவிழ்த்தது தடிமன். வட்ட டப்பாவில் ஒரு லிட்டர் ஊற்றி வைப்பேன். 12 மணி நேரம் கழித்துக் கரண்டிக் காம்பை விட்டுப் பார்த்தால் ஓரமெல்லாம் கல், நடுவில் கூழ். அப்படி மெதுவாக உறைந்ததை உருக்கினால் கேரட் துண்டுகள் நீரைக் கக்கிவிட்டுப் பஞ்சாகக் கிடக்கும். உருகுவதும் லேசில் நடக்காது. ஃபிரிட்ஜில் ஒன்றரை நாள் வைத்தும் உள்ளே பனிக்கட்டி இருந்தது. அவசரப்பட்டு அடுப்பில் ஏற்றினால் அடி பிடித்துவிடும், மேலே பனிப்பாறை மிதக்கும். பசியோடு வந்து அதைக் கிளறிக்கொண்டு நின்ற இரவுகள் எனக்குத்தான் தெரியும்.

காரணம் புரிந்ததும் பாதிக் கவலை போய்விட்டது. ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் குளிர வைக்க எவ்வளவு வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டுமோ, கிட்டத்தட்ட அதே அளவு வெப்பத்தை 0 டிகிரித் தண்ணீரைப் பனிக்கட்டியாக்கவும் எடுக்க வேண்டும். ஆகவே தெர்மாமீட்டர் −1 டிகிரிக்கு வந்து மணிக்கணக்கில் அசையாமல் நிற்பது ஃபிரீசரின் கோளாறு இல்லை. உணவில் உள்ள நீரில் பெரும்பகுதி −1 முதல் −5 டிகிரிக்குள்தான் உறைகிறது. அந்த இடைவெளியை உணவு எவ்வளவு மெதுவாகக் கடக்கிறதோ, அவ்வளவு பெரிய பனிப் படிகங்கள் வளரும். காய்கறியின் செல் சுவர்களை அவை கிழித்துவிடும். வேகமாகக் கடந்தால் படிகங்கள் சிறியவையாக இருக்கும், சேதமும் குறைவு. வீட்டு ஃபிரீசர் −18 டிகிரிக்குக் கீழே பெரிதாக இறங்காது. நம் கையில் இருப்பது தடிமன் ஒன்றுதான். தடிமனை இரண்டு மடங்காக்கினால் உறையும் நேரம் இரண்டு மடங்குக்கும் மேலே போகும்.

இதில் கிளாரன்ஸ் பேர்ட்சையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. இன்றைய கனடாவின் லாப்ரடார் பகுதிக் கடுங்குளிரில், பிடித்த மீன் அங்கேயே சட்டென்று உறைந்து, பிறகு உருக்கிச் சமைத்தாலும் சுவை கெடாமல் இருந்ததை அவர் கவனித்தார். அதன் பிறகு 1920களில், பொட்டலங்களைக் குளிர்ந்த உலோகப் பரப்புகளுக்கு நடுவே அழுத்தி உறைய வைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அந்த இயந்திரத்தின் கருத்து முழுவதும் இரண்டு சொல்லில் அடங்கும்: தட்டையாக வை, உலோகத்தைத் தொட வை. வீட்டில் அந்த இயந்திரம் கிடையாது. தட்டு உண்டு.

சரி, தட்டு. நான்காம் சுற்றிலேயே பைக்கு மாறிவிட்டேன், ஆனால் எவர்சில்வர் தட்டில் வைத்தேன். இந்த முறை அலுமினியத் தட்டு. வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியம் எவர்சில்வரைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். என் ஃபிரீசரில் குளிர்க்குழாய் அடுக்குத் தட்டுக்குள்ளேயே ஓடுவதால், அடியில் எது இருக்கிறது என்பது நன்றாகவே தெரிகிறது. தட்டை இரண்டு மணி நேரம் முன்னதாகவே உள்ளே வைத்துக் குளிர வைத்தேன். போன முறை ஐந்து மணி நேரம் எடுத்த அதே அளவுப் பை, இப்போது மூன்றரை மணி நேரத்தில் கல்லாகிவிட்டது. தட்டு வாங்குகிறவர்கள் கனமானதாகப் பார்த்து வாங்குங்கள். கேக் சுடும் சாமான் விற்கும் இடங்களில் கிடைக்கும் மெல்லிய தட்டு எனக்குச் சரிப்படவில்லை. குளிரில் 'டங்' என்று ஒரு சத்தம், ஒரு மூலை தூக்கிக்கொள்கிறது, பையில் இருப்பதெல்லாம் மறு மூலைக்கு ஓடிவிடுகிறது. ஒரு பக்கம் ஒரு செ.மீ., மறு பக்கம் மூன்று செ.மீ. என்று ஆப்பு வடிவத்தில் உறைந்த பையை எதன் மேலும் அடுக்க முடியாது.

இனி காற்று. இந்தச் சுற்றில் என் நேரத்தைத் தின்றது இதுதான்.

பைக்குள் காற்று மாட்டிக்கொண்டால், உணவிலிருந்து நீராவி அந்த இடைவெளிக்கு வந்து உறைபனியாகப் படிகிறது. பைக்குள் தெரியும் வெள்ளைத் தூள் வெளியிலிருந்து வந்த பனி கிடையாது. சூப்பிலிருந்து பிரிந்துபோன நீர் அது. அதை இழந்த இடம் வெளிறி, காய்ந்து, அட்டை போல ருசிக்கும். கட்டியான பொருளாக இருந்தால் திறந்த பையைத் தண்ணீரில் அமிழ்த்தினால் போதும், அழுத்தம் காற்றை வெளியே தள்ளிவிடும். சூப்பில் அதைச் செய்தால் காற்றோடு சூப்பும் வருகிறது. முதல் மூன்று பையில் அப்படித்தான் ஆனது. ஜிப் பள்ளத்துக்குள் சூப் புகுந்துவிட்டது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது அல்லவா? பள்ளத்துக்குள் இருந்த அந்த ஒரு சொட்டு விரிந்து, இராத்திரியில் ஜிப்பைத் திறந்துவிட்டது.

இப்போது செய்கிற முறை இது. ஒரு உயரமான ஜாடிக்குள் பையை நிற்க வைத்து, வாயை ஜாடியின் விளிம்புக்கு மேல் நான்கு விரல் மடித்து விடுகிறேன். அகல வாய்ப் புனலில் ஊற்றுகிறேன். மடித்திருப்பதால் ஜிப் நனைவதில்லை. மடிப்பை நிமிர்த்தி, ஒரு விரல் அளவு இடம் விட்டு மற்றதை மூடுகிறேன். அப்புறம் பையை மேசை விளிம்பில் சாய்த்துப் படுக்க வைத்து, திறந்த மூலை மட்டும் உயரமாக நிற்கும்படி பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து மேல் நோக்கி ஒரு அடிக்கோலை மெதுவாக நகர்த்துகிறேன். சூப்பின் மட்டம் அந்த மூலையை எட்டுவதற்கு ஒரு நூலிழை முன்னால் மூட வேண்டும். அந்த நூலிழைதான் வித்தை. சூப் கெட்டியாக இருந்தால் அது மெதுவாக ஏறும், கை பழகும் வரை கெட்டி சூப்பில் செய்து பாருங்கள். ஆறாவது பையில் பிடிபட்டது, பத்தாவது பையில் ஒரு குமிழி கூட இல்லை. அந்தப் பத்தாவது பையை வீட்டில் எல்லாரிடமும் காட்டினேன்.

இழுப்பு வைத்த ஜிப் பைகளை இனி திரவத்துக்குத் தொடமாட்டேன். இழுப்பு போய் நிற்கும் மூலையில் ஊசி முனை அளவு இடைவெளி எப்போதும் இருக்கிறது. காய்ந்த சாமானுக்கு அது போதும், சூப்புக்குப் போதாது. விரலால் அழுத்தி மூடும் இரட்டைக் கோட்டுப் பைகள்தான் நிற்கின்றன. 18க்கு 20 செ.மீ. பையில் அரை லிட்டர் ஊற்றிப் படுக்க வைத்தால் தடிமன் இரண்டு செ.மீ.க்குள் அடங்குகிறது. பையின் முழுக் கொள்ளளவுக்கு ஊற்றினால் அது தலையணையாகிவிடும்.

பையில் ஊற்றுவதற்கு முன் சூடு இறங்க வேண்டுமே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, வெக்கையான நாளில் ஒரு மணி நேரம். உறைய வைப்பது கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது, அவ்வளவுதான். மூன்றாம் சுற்றில் பெரிய பாத்திரத்தை மூடி மேடையிலேயே விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துத் தெர்மாமீட்டரை விட்டால் 61 டிகிரி. கிருமி வேகமாகப் பெருகும் எல்லைக்குள் அது இன்னும் நுழையவே இல்லை, இனிமேல்தான் மணிக்கணக்கில் அதற்குள் உட்காரப் போகிறது. இப்போது நான்கு லிட்டர் அளவுக்குக் கெட்டியாகச் சமைத்துவிட்டு, அடுப்பை அணைத்ததும் குடிநீரில் செய்த பனிக்கட்டி ஒரு கிலோ கொட்டுகிறேன். 95லிருந்து ஒரே பாய்ச்சலில் 60 டிகிரிக்கு வந்துவிடுகிறது. பனிக்கட்டி உருகும்போது உறிஞ்சும் வெப்பம் நமக்கு இலாபம். ஐந்து லிட்டரும் சரியாகக் கணக்குக்கு வந்துவிடும். அதை இரண்டு அகலப் பாத்திரத்தில் பிரித்து, சிங்க்கில் பனிநீரில் உட்கார வைத்துக் கிளறினால் 25 நிமிடத்தில் 20 டிகிரி.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உள்ளே தள்ளவும் கூடாது. முன்பு ஒருமுறை எட்டு டப்பாவை ஒன்றாக வைத்ததில் ஃபிரீசரே −11 டிகிரிக்கு ஏறி, பழைய சாமானின் ஓரங்கள் இளகிவிட்டன. இந்த முறை முதலில் ஐந்து பை, மற்ற ஐந்தும் ஃபிரிட்ஜில் காத்திருந்தன.

பெயரும் தேதியும் ஊற்றுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். ஈரமான குளிர்ந்த பையில் எந்த மார்க்கரும் பிடிக்காது, மாஸ்க்கிங் டேப் இரண்டாம் வாரம் உதிர்ந்துவிடும். நான் இன்னொரு வரியும் சேர்க்கிறேன்: சூடாக்கும்போது எதைப் போட வேண்டும் என்று. காரணம், சூப்பில் உருளைக்கிழங்கு போடாமல்தான் உறைய வைக்கிறேன், அது உருகும்போது மணல் மணலாகிறது. சோளமாவு போட்டுக் கெட்டியாக்கினால் உருகியதும் தண்ணீர் தனியாகப் பிரிகிறது. கிரீமும் அப்படியே. கீரையும் கடைசி நேரத்தில்தான் நன்றாக இருக்கிறது. ஆகவே பையின் மேல் 'கிழங்கு வேகவைத்து, கிரீம் 2 கரண்டி' என்று எழுதியிருக்கும். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவேன். அதற்குப் பிறகும் கெடாது, ஆனால் சுவை மங்குகிறது.

காலையில் எடுத்த அந்தப் பையை இன்று மதியம் சாப்பிட்டுப் பார்த்தேன். மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டு தட்டினேன், நான்கு துண்டாக உடைந்தது. அகல வாணலியில் மூன்று கரண்டித் தண்ணீர் விட்டு, துண்டுகளைப் போட்டு மூடினேன். 11 நிமிடத்தில் கொதி வந்தது. நடுவில் 74 டிகிரி தாண்டியதைப் பார்த்துவிட்டுத்தான் இறக்கினேன். கேரட்டைக் கடித்தால் கேரட்டாகவே இருந்தது. ஐந்து சுற்று பட்ட பாட்டுக்கு அந்த ஒரு கடி போதும் என்று தோன்றியது.

அடுத்த திட்டம், பையின் மேலேயும் ஒரு குளிர்ந்த அலுமினியத் தட்டைக் கவிழ்த்து வைப்பது. இப்போது மேல்பக்கம் வெறும் காற்றுதான் குளிரைக் கொடுக்கிறது, காற்று அதில் சோம்பேறி. மூன்றரை மணி நேரம் இரண்டரைக்கு இறங்கும் என்று என் கணிப்பு. தட்டுக்கு ஏற்றபடி வாட்டர் பாட்டில் அடைத்து இடைவெளிகளை நிரப்பவும் எண்ணம் உண்டு. நிறைந்திருக்கும் ஃபிரீசர் கரண்ட் போனாலும் கதவைத் திறக்காத வரை சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம்தான்.

சோறு நாளை. அதில் எனக்குக் கொஞ்சம் பயமும் உண்டு. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதியில் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்து நஞ்சு விடும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே வடித்த சோறு அகலத் தட்டில் பரவி, ஆவி அடங்கியதும் ஒரு மணி நேரத்துக்குள் பைக்குள் போயாக வேண்டும். ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்துவிட்டு அப்புறம் உறைய வைக்கலாம் என்ற ஆசையும் வேண்டாம். ஃபிரிட்ஜ் குளிரில்தான் சோற்றின் மாவுச்சத்து சீக்கிரம் விறைக்கிறது. நேராக ஃபிரீசருக்குப் போனால் அந்த எல்லையை ஓடிக் கடந்துவிடும், சூடாக்கும்போது மென்மையாகவே திரும்பி வரும். சோற்றுக்கும் அதே இரண்டு செ.மீ. போதுமா, ஒன்றரை வேண்டுமா என்று இரண்டு பை வைத்துப் பார்க்கப் போகிறேன்.

கிரேவிப் பைகள் இதை எழுதும்போதும் தட்டில்தான் இருக்கின்றன. கடைசியாகப் பார்த்தபோது −3 டிகிரி. இன்னும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவற்றை நிமிர்த்தி அடுக்க வேண்டும்.